செவிலி சொன்ன நகைக்கதை

நாட்டின் வரலாற்றைக் கல்வெட்டு கூறும், செப்பேடு கூறும், சிதைந்து நிற்கும் கோட்டைச் சுவரும் கூறும். ஆனால், உறங்க மறுத்த சிறு குழந்தையை மடியில் இருத்தி ஒரு முதியவள் என்ன கதை சொல்லிச் சிரிக்க வைத்தாள் என்பதை எந்தக் கல்லும் நமக்குக் கூறுவதில்லை. அரசர் அளித்த நிலக்கொடையைக் கல்லில் வெட்டினார்கள். மழலையின் சிரிப்பை எவரும் வெட்டவில்லை. எனினும் அந்தச் சிரிப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. ஏடுகளிலும் அச்சு நூல்களிலும் முதியோர் நினைவிலும் அது சிதறிக் கிடக்கின்றது. அவற்றைச் சிறிது சேர்த்துப் பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

நான் எடுத்துக்கொள்ளும் நிலப்பகுதி சேலமும் நாமக்கல்லும் சேர்ந்த சமவெளி. வடக்கே சேர்வராயன் மலை, கிழக்கே கொல்லிமலை, மேற்கே சங்ககிரிக் குன்று, மேற்கும் தெற்கும் வளைந்து ஓடும் காவிரி, இடையே திருமணிமுத்தாறு. 1997ஆம் ஆண்டு நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆனால் கதைகளுக்கு மாவட்ட எல்லை தெரியாது. இங்கே உழவர் வீட்டில் தமிழ் ஒலிக்கும். நெசவாளர் தெருக்களில் தெலுங்கும் கன்னடமும் சௌராட்டிரமும் ஒலிக்கும். ஒரு மொழியில் பிறந்த நகைக்கதை அடுத்த தெருவில் மறுமொழியில் வளர்ந்தது. இத்தகைய நிலத்தில் குழந்தைகளுக்குச் சொல்லப்பட்ட நகைக்கதைகள் எங்கிருந்து வந்தன? அவற்றை யார் சொன்னார்கள்? யாரைப் பார்த்துக் குழந்தைகள் சிரித்தார்கள்? இம்மூன்று வினாக்களுள் மூன்றாவதே முதன்மையானது என்பது என் கருத்து.

தமிழில் இதுபற்றிய பேச்சு மிகப் பழையது. தொல்காப்பியர் செய்யுளியலில் உரைநடையை நான்கு வகையாகப் பிரிக்கிறார். அவற்றுள் இரண்டு நமக்கு வேண்டியவை. ஒன்று, பொருளோடு பொருந்தாத பொய்ம்மொழி. மற்றொன்று, பொருளோடு பொருந்திய நகைமொழி. பொய்ம்மொழி என்பது யாது? உரைகாரராகிய பேராசிரியர் ஓர் அழகிய எடுத்துக்காட்டுத் தருகிறார். யானையும் குருவியும் நட்புப் பூண்டு, இன்ன இடத்திற்குச் சென்று, இன்னது செய்தன என்று தொடுத்துச் சொல்லுவது என்கிறார். இலக்கண உரையின் நடுவிலே யானையும் குருவியும் கைகோத்து நடப்பதைப் பாருங்கள்! ஒருவரிடம் ஒருவர் கேட்டுக் கற்று வழிவழி வருவன இவை என்றும் அவர் குறித்திருக்கிறார். நாம் இன்று வாய்மொழிக் கதை என்று சொல்லுவதை அவர் அன்றே அறிந்திருந்தார்.

இதனினும் வியப்பானது அடுத்த செய்தி. இவ்வுரை வகைகளில் ஒரு பகுதி செவிலிக்கு உரியது என்றும், மற்றொரு பகுதி யார்க்கும் விலக்கில்லை என்றும் தொல்காப்பியம் வரையறுக்கிறது. பொய்ம்மொழியும் நகைமொழியுமே செவிலிக்கு உரியன என்று கொள்வாரும் உண்டு. செவிலி என்பவள் குழந்தையை எடுத்து வளர்ப்பவள். அவள் புலவர் அவையில் அமர்ந்தவள் அல்லள். ஆயினும் இலக்கண நூல் அவளுக்கென்று ஓர் உரைவகையை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறது. வளர்ப்பவள் சொல்லும் கதை தமிழில் எத்துணைப் பழைய உரிமை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

மெய்ப்பாட்டியலில் தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளை எண்ணும்போது நகையையே முதலில் வைக்கிறார். அந்நகை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கு நிலைக்களங்களிலிருந்து பிறக்கும் என்கிறார். எள்ளல், பிறரை இகழ்தல். இளமை, முதிராத பிள்ளைத் தன்மை. பேதைமை, அறியாமை. மடன், சொன்னதை ஆராயாமல் அப்படியே பற்றிக்கொள்ளும் தன்மை. இந்நான்கு சொற்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு மாணவர்களை வேண்டுகிறேன். குழந்தைகளின் நகைக்கதை அனைத்தையும் அளந்து பார்க்க இந்நான்கே போதும்.

இனி, இச்சமவெளியில் கதை எப்போது சொல்லப்பட்டது என்று பார்ப்போம். நான் ராசிபுரத்துக்கு அருகில் ஒரு சிற்றூரில் வளர்ந்தவன். அங்கே கதைக்கென்று தனி நேரம் இல்லை. கை வேலையாக இருக்கும் நேரமே கதை நேரம். நிலக்கடலை இப்பக்கத்துப் புன்செய்களில் பெரும்பயிர். விதைப்புக்கு முன்பு விதைக்கடலையைக் கையால் உரிக்க வேண்டும். இரவு உணவுக்குப் பின் வாசலில் கடலையைக் குவித்து, வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் சுற்றி அமர்வார்கள். எங்கள் அம்மாயி, அதாவது தாயின் தாய், குவியலின் நடுவில் இருப்பார். பிள்ளைகள் உரித்த பருப்பில் பாதி முறத்துக்கும் பாதி வாய்க்கும் போகும். இதைத் தடுக்க அம்மாயி அடித்ததில்லை, அதட்டியதுமில்லை. சிரிப்புக் கதை ஒன்றைத் தொடங்கிவிடுவார். சிரிக்கிற வாய் மெல்லாது அல்லவா? ஓராண்டு விதையைக் காத்தது அவருடைய நகைமொழியே.

கதை கேட்பவர் 'உம்' கொட்ட வேண்டும் என்பது எழுதாத சட்டம். 'உம்' நின்றால் கதையும் நிற்கும். உறங்கிவிட்ட பிள்ளை எது, விழித்திருக்கும் பிள்ளை எது என்று இருட்டிலே அறிவதற்கு அதுவே வழி. கதை வேண்டும் என்று மிகவும் நச்சரிக்கும் பிள்ளைக்கு, ஊரையும் நரியையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடும் குறுங்கதை ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் அதைக் கேட்டு ஏமாறாத குழந்தை இல்லை. ஏமாந்த குழந்தை மறுநாளே தன் தம்பியை அதே கதையால் ஏமாற்றும். கேட்டவர் சொல்பவராக மாறும் முதற்படி இதுவே.

கதைகள் வெளியிலிருந்து வந்தாலும் இம்மண்ணின் வாழ்வோடு பொருந்திய பின்பே வேர் கொண்டன. தெனாலிராமன் கதைகள் விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயரின் அவையைச் சார்ந்தவை. அவர் ஆண்ட காலம் 1509 முதல் 1529 வரை. விசயநகர ஆட்சியும் அதன் வழிவந்த நாயக்கர் ஆட்சியும் தமிழகத்தில் பரவிய காலத்தில், தெலுங்கு பேசும் குடிகள் பலர் இச்சமவெளியிலும் குடியேறினர். தெனாலிராமனும் மக்களோடு மக்களாக இங்கே வந்து தங்கிவிட்டான். அவன் கதைகளுள் திருடர் கதையை யாவரும் அறிவர். தோட்டத்தில் திருடர் ஒளிந்திருப்பதை அறிந்த இராமன், நகைப்பெட்டியைக் கிணற்றில் போட்டுவிட்டதாக மனைவியிடம் உரக்கச் சொல்கிறான். திருடர் விடியும் வரையில் நீரை இறைத்து இறைத்து ஊற்றுகிறார்கள். இராமனோ அந்நீரை அமைதியாகச் செடிகளுக்குப் பாய்ச்சிவிடுகிறான்.

இக்கதையைக் கேட்டு நகரத்துக் குழந்தை ஒரு மடங்கு சிரித்தால், எங்கள் பக்கத்துக் குழந்தை பத்து மடங்கு சிரிக்கும். காரணம் வெளிப்படை. இங்கே கிணறுகள் ஆழமானவை. மின்சார இறைப்பான்கள் வருவதற்கு முன்பு, வைகறையிலே எருதுகளைப் பூட்டிக் கவலை ஓட்டி நீர் இறைத்தார்கள். ஒரு சால் நீர் மேலே வர எருதும் ஆளும் படும் பாட்டைக் குழந்தை நாள்தோறும் கண்டிருக்கிறது. எருதுமின்றிக் கூலியுமின்றி ஓர் இரவு முழுவதும் இறைத்த திருடர்களை எண்ணும்போது அதற்குச் சிரிப்பு அடங்குவதில்லை. நகைச்சுவைக்கும் மண்வளம் வேண்டும் என்பதை நான் இதிலிருந்தே கற்றுக்கொண்டேன்.

அடுத்து ஆற்றைக் கடந்த மூடர்களின் கதை. ஒரு குழுவினர் ஆற்றைக் கடக்கிறார்கள். கரை ஏறியதும் ஒருவன் எண்ணிப் பார்க்கிறான்; தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான்; ஓர் ஆள் குறைகிறது. அடுத்தவன் எண்ணினாலும் அதே கணக்கு. ஆறு ஒருவனை விழுங்கிவிட்டது என்று எல்லாரும் அழத் தொடங்குகிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் வந்து, வரிசையாக நிறுத்தி எண்ணிக் காட்டிய பின்பே அழுகை ஓய்கிறது. மோகனூர்ப் பக்கம் காவிரியைப் பரிசலில் கடந்தவர்களுக்கு ஆற்றின் மீது அச்சம் உண்டு. ஆகவே இக்கதை அவர்களுக்கு மிகவும் நெருக்கமானது.

இதன் வரலாறு நெடியது. 14ஆம் நூற்றாண்டினரான வித்தியாரணியர் இயற்றியதாகக் கருதப்படும் பஞ்சதசி என்னும் வேதாந்த நூலில் பத்தாவது மனிதனின் உவமை வருகின்றது. தன்னைத் தானே அறியாத உயிருக்கு, தன்னை எண்ண மறந்த மனிதன் உவமையாகிறான். கடல் கடந்து பார்த்தால், இங்கிலாந்தில் காத்தம் என்னும் ஊராரைப் பற்றி 16ஆம் நூற்றாண்டளவில் எழுந்த நகைக்கதைத் தொகுப்பிலும் இதே கதை உண்டு. மீன் பிடிக்கச் சென்ற பன்னிருவர் திரும்பும்போது தங்களை எண்ணிப் பார்த்துப் பதினொருவர் என்று அழுகிறார்கள். ஞானியரின் நூலிலும் பாமரரின் திண்ணையிலும் அயல்நாட்டு அங்காடியிலும் ஒரே கதை உலவுவது எண்ணி மகிழத்தக்கது.

தமிழில் இக்கதை அச்சேறிய வரலாறு தனிச் சுவை உடையது. மதுரை மறைப்பணிக்கு வந்த இத்தாலியத் துறவியர், மக்களோடு பேசத் தமிழைக் கற்றாக வேண்டியிருந்தது. அவர்களுள் முன்னோடியான இராபர்ட் டி நொபிலி 1623ஆம் ஆண்டில் இச்சமவெளிக்கே வந்து, சேந்தமங்கலத்திலும் சேலத்திலும் தங்கியவர். அவர் வழியில் அடுத்த நூற்றாண்டில் தமிழகம் வந்தவர் வீரமாமுனிவர் என நாம் போற்றும் பெஸ்கி. 1680 முதல் 1747 வரை வாழ்ந்த அவர் தேம்பாவணி பாடிய புலவர். சதுரகராதி தொகுத்த அறிஞர். அத்தகையவர், தமிழைப் புதிதாகக் கற்கும் தம் இனத்தார்க்குப் பேச்சு வழக்கைப் பழக்க ஒரு சிரிப்புக் கதையை எழுதினார். அதுவே பரமார்த்த குருவின் கதை.

மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். அவர்களுக்கு ஏற்ற ஒரு குரு. ஆறு விழித்திருக்கிறதா, உறங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையை நீரில் தோய்த்துப் பார்ப்பார்கள். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி விலை கொடுத்து வாங்குவார்கள். கரை ஏறித் தங்களை எண்ணும் கதையும் அதில் உண்டு. மூடர் கதைகள் பல முன்பே நாட்டில் வழங்கியவை. முனிவர் அவற்றை ஒரு குருவின் வாழ்க்கையாகக் கோத்தார். 1822ஆம் ஆண்டில் பெஞ்சமின் பாபிங்டன் என்பார் தமிழ் மூலத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பும் சொற்பட்டியும் சேர்த்து இலண்டன் நகரில் அதை அச்சிட்டார். அச்சேறிய தமிழ் உரைநடைக் கதைகளுள் மிகப் பழையவற்றுள் இது ஒன்று. வளர்ந்த அயலாருக்குத் தமிழ் கற்பிக்க எழுந்த நூல், பின்னர்த் தமிழ்க் குழந்தைகளின் சொத்தாக மாறியது. சமயக் குருமாரை எள்ளுவதற்காகவே முனிவர் இதை எழுதினார் என்று கருதுவோர் உண்டு. அந்த எள்ளல் குழந்தைகளின் கண்ணில் படவில்லை. அவர்கள் பேதைமையையே கண்டார்கள், அதற்கே சிரித்தார்கள். நூலாசிரியரின் நோக்கத்தைக் கேட்பவர் மாற்றிவிட்டார்கள்.

எண்ணத் தெரியாத மூடனைப் பார்த்துச் சிறு குழந்தை ஏன் அவ்வளவு சிரிக்கிறது? நான்கு வயதுக் குழந்தைக்கு உலகில் எல்லாரும் தன்னைவிட அறிந்தவர்கள். எதைத் தொட்டாலும் 'உனக்குத் தெரியாது' என்ற சொல்லையே அது கேட்கிறது. அதற்கும் எண்ணக் கற்றுக்கொண்டு சில நாட்களே ஆகியிருக்கும். அந்நிலையில், தாடி வைத்த ஒரு குரு தன்னை எண்ண மறந்துவிட்டான் என்று கேட்கும்போது, குழந்தை முதன்முறையாக ஒரு பெரியவரைவிட அறிவில் மேலே நிற்கிறது. 'ஐயோ, அவன் தன்னையே எண்ணவில்லையே!' என்று கதை முடிவதற்குள் கூவிவிடும். அக்கூவல் ஒரு வெற்றி முழக்கம். அறிவின் இன்பத்தை அறிவுரை இல்லாமல் ஊட்டும் ஆற்றல் நகைக்கதைக்கு உண்டு.

19ஆம் நூற்றாண்டில் கதை வாயிலிருந்து தாளுக்கு வந்தது. சென்னைக் கல்விச் சங்கத்தைச் சார்ந்த தாண்டவராய முதலியார் 1826ஆம் ஆண்டளவில் கதாமஞ்சரி என்னும் தொகுப்பையும் பஞ்சதந்திர உரைநடையையும் வெளியிட்டார். அட்டாவதானம் வீராசாமி செட்டியாரின் விநோதரசமஞ்சரி 1876இல் வெளிவந்தது; தெனாலிராமன் கதைகளும் புலவர் பற்றிய வேடிக்கைகளும் அதில் இடம் பெற்றன. வெளியூரில் பிறந்த கதைகளைச் சேலத்துப் பள்ளிப்பிள்ளையும் படிக்க முடிந்தது இத்தகைய அச்சு நூல்களால் விளைந்த நன்மை. ஆயினும் ஒன்று குறைந்தது. தாளில் கதை ஒரே வடிவில் உறைந்துவிடும். கேட்கும் குழந்தையின் வயதுக்கும் அழுகைக்கும் ஏற்ப வளைக்கும் செவிலியின் உரிமை அச்சுக்கு இல்லை.

நகைமொழியின் வலிமையைப் பொதுப்பணிக்குப் பயன்படுத்திய நிகழ்ச்சி ஒன்றும் இச்சமவெளியில் உண்டு. சேலத்தில் வழக்கறிஞராக இருந்த இராஜாஜி, 1925ஆம் ஆண்டில் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். அங்கிருந்து 1929இல் மதுவிலக்குக்காக 'விமோசனம்' என்னும் இதழ் வெளிவந்தது. அவருக்குத் துணையாகப் பணியாற்றியவர் எழுத்தாளர் கல்கி. கள்ளின் தீமையைக் கதையாகவும் படமாகவும் காட்டிய இதழ் அது. குழந்தைகளுக்கென்று அது எழுந்ததில்லை எனினும், எளிய நடையில் நகை கலந்து சொன்னால் கடுமையான பொருளும் நெஞ்சில் தங்கும் என்பதற்கு அது சான்று. 1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளில் சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கு நடைமுறைக்கு வந்ததும் சேலம் மாவட்டத்தில்தான்.

பின்னர்க் குழந்தைகளுக்கென்றே எழுதும் காலம் வந்தது. 1947ஆம் ஆண்டு சூலையில் தொடங்கிய அம்புலிமாமா பல்லாண்டுகள் வெளிவந்து, படக்கதைகளால் வீடுகளை நிரப்பியது. 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியது. அதன் உயிராக விளங்கியவர் அழ. வள்ளியப்பா. கொங்கு நாட்டில் பிறந்த பெ. தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து, 1968 முதல் 1976 வரையில் குழந்தைகள் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. திருச்சியில் 1939ஆம் ஆண்டு மே மாதம் வானொலி நிலையம் தொடங்கிய பின், காற்றின் வழியாகவும் கதை வந்தது. வானொலியில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கதை சொல்பவருக்கு 'உம்' கேட்பதில்லை. அதனாலேயே, சிறுவர் நிகழ்ச்சி நடத்தியோர் குழந்தைகளை நிலையத்துக்கே வரவழைத்து எதிரில் அமர்த்திக்கொண்டார்கள். அக்குழந்தைகளின் சிரிப்பைக் கேட்டு வீட்டிலுள்ள குழந்தைகள் சிரித்தார்கள். பழைய வாசலின் ஒரு துண்டு ஒலிப்பதிவு அறைக்குள் வந்து சேர்ந்தது.

இனி, தொடக்கத்தில் முதன்மையானது என்று நான் கூறிய வினாவுக்கு வருகிறேன். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? தமிழ்நாடெங்கும் வழங்கும் கொழுக்கட்டைக் கதையையே எடுத்துக்கொள்வோம். மாமியார் வீட்டுக்குச் சென்ற ஒருவன் அங்கே முதன்முதலாகக் கொழுக்கட்டை உண்கிறான். சுவை பிடித்துப் போகிறது. அதன் பெயர் மறந்துவிடக் கூடாது என்று 'கொழுக்கட்டை, கொழுக்கட்டை' எனச் சொல்லிக்கொண்டே தன் ஊருக்கு நடக்கிறான். வழியில் ஒரு வாய்க்கால். 'அத்திரிபாச்சா' என்று கூவித் தாண்டுகிறான். தாண்டியவன் வாயில் அச்சொல்லே ஒட்டிக்கொள்கிறது. 'அத்திரிபாச்சா, அத்திரிபாச்சா' என்று வீடு சேர்ந்து, மனைவியிடம் அத்திரிபாச்சா செய்து தரக் கேட்கிறான். அப்படி ஒரு பண்டம் தனக்குத் தெரியாது என்று அவள் சொல்ல, சினந்து அடித்துவிடுகிறான். பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, 'கன்னம் கொழுக்கட்டை போல வீங்கியிருக்கிறதே!' என்கிறாள். 'அதுதான், அதுதான் நான் கேட்டது!' என்று அவன் துள்ளுகிறான்.

மறந்த சொல்லைப் பற்றிய இக்கதை வகை உலகின் பல மொழிகளில் உண்டு. நாட்டார் கதைகளை வகைப்படுத்தும் அறிஞர்கள் இதற்குத் தனி எண்ணே கொடுத்திருக்கிறார்கள். சொல்லின் ஒலியிலும், வாய்க்காலைத் தாண்டும் துள்ளலிலும், தாண்டியதும் சொல் மாறிவிடும் வேடிக்கையிலும் குழந்தைகள் மயங்குவது இயல்பே. தொல்காப்பியர் கூறிய மடன் இதில் முழு உருவம் கொண்டு நடக்கிறது. ஆனால் கடைசிப் பகுதியில் மடன் மறைந்துவிடுகிறது. அடிபட்ட ஒரு பெண்ணின் கன்னத்தைப் பார்த்துக் குழந்தையைச் சிரிக்கச் சொல்கிறோம். தவறு செய்தவன் பண்டம் பெறுகிறான். தவறு செய்யாதவள் வீக்கம் பெறுகிறாள். மூன்று வயதிலே கேட்ட கதை நெஞ்சின் அடியில் தங்கும். மனைவியை அடிப்பது சிரிக்கத்தக்க சிறு செய்தி என்னும் எண்ணமும் அதனோடு சேர்ந்து தங்குமானால், அக்கதையால் விளைந்தது நன்மையாகுமா?

எங்கள் அம்மாயி இக்கதையை வேறு வகையாகவே சொன்னார். அவர் கதையில் அவன் கோபித்துக் கை ஓங்கிக்கொண்டு ஓடி வருவான், வாசல்படி தடுக்கும், நிலைக்கதவில் முட்டிக்கொள்வான். நெற்றி புடைத்துவிடும். மனைவி எண்ணெய் தடவிக்கொண்டே, 'ஏனுங்க, கொழுக்கட்டையாட்டம் வீங்கிப் போச்சுங்களே!' என்பாள். நாங்கள் வயிறு குலுங்கச் சிரித்தோம். எங்கள் சிரிப்பில் எந்தக் குறையும் இல்லை. பிற்காலத்தில் மற்ற வடிவத்தை அச்சில் படித்தபோதுதான், எழுதப் படிக்கத் தெரியாத அம்மாயி என்ன செய்திருக்கிறார் என்பது எனக்குப் புலப்பட்டது. அந்த மாற்றம் அவர் செய்ததோ, அவருக்குச் சொன்ன யாரோ ஒரு தாய் செய்ததோ, நான் அறியேன். வீக்கத்தைக் கன்னத்திலிருந்து எடுத்து, உரியவனின் நெற்றியில் வைத்தார்கள், அவ்வளவே. மேடை ஏறாமல் அறம் பேசிய திருத்தம் அது. செவிலிக்கென்று ஓர் உரிமையைத் தொல்காப்பியம் ஒதுக்கியது வீண் போகவில்லை.

இந்த அளவுகோலைக் கொண்டு மற்றக் கதைகளையும் பார்க்கலாம். காது கேளாதவர், திக்கிப் பேசுபவர், பிற சாதியார், பிற மொழியார் ஆகியோரை நகைப்பொருளாக்கும் கதைகள் நம்மிடையே வழங்கின. இன்றும் சில வாய்களில் வழங்குகின்றன. அவை எள்ளலில் பிறந்தவை. கேட்கும் குழந்தைகளுள் ஒன்று திக்கிப் பேசுவதாக இருந்தால், வட்டத்தில் எல்லாரும் சிரிக்கும்போது அது மட்டும் தலை குனியும். வட்டத்தில் ஒரு குழந்தையையேனும் தலைகுனிய வைக்கும் கதை குழந்தைக்குரிய கதையாகாது. அதற்கு மாறாகப் பேதைமையிலும் மடனிலும் இளமையிலும் பிறந்த கதையில் நாம் எல்லாருமே பங்காளிகள். தன்னை எண்ண மறப்பவன் நம்முள்ளும் இருக்கிறான். அதனால்தான் வேதாந்தியும் குழந்தையும் அக்கதையை ஒருங்கே ஏற்றுக்கொண்டார்கள்.

பழைய கதைகளைத் திருத்தலாகாது, உள்ளவாறே காக்க வேண்டும் என்று கூறுவோர் உண்டு. ஆராய்ச்சிக்காகப் பதிவு செய்யும்போது அவர் கூற்று முற்றிலும் சரி. ஒரு சொல்லையும் மாற்றாமல் எழுதிவைப்பதே ஆய்வாளனின் கடமை. ஆனால் குழந்தைக்குச் சொல்லும்போது நாம் ஆய்வாளர் அல்லர், செவிலியர். வாய்மொழிக் கதை ஒவ்வொரு தலைமுறையிலும் மாறியே வந்திருக்கிறது. மாறுவதே அதன் உயிர். ஏட்டிலே ஒரு வடிவமும் மடியிலே ஒரு வடிவமும் இருப்பதில் முரண் இல்லை.

இக்காலத்தில் வாசல்கள் குறுகிவிட்டன. கடலை உரிக்கப் பொறி வந்துவிட்டது. கவலை ஏறிய கிணறுகள் பலவற்றில் இன்று எருது இல்லை. லாரித் தொழிலிலும் கோழிப்பண்ணையிலும் தறிக்கூடத்திலும் பெற்றோர் உழைக்கும்போது, குழந்தையின் கையில் கைப்பேசி இருக்கிறது. அதிலும் வேடிக்கைக் கதைகள் ஓடுகின்றன. ஆனால் குழந்தையின் 'உம்' அதற்குத் தேவையில்லை. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், 2021ஆம் ஆண்டில் தமிழக அரசு இல்லம் தேடிக் கல்வி என்னும் திட்டத்தைத் தொடங்கியது. மாலையில் தெருவிலே குழந்தைகளைக் கூட்டி, பாடலும் கதையும் விளையாட்டுமாகத் தன்னார்வலர்கள் கற்பித்தார்கள். அவர்களுள் பெரும்பாலோர் இளம்பெண்கள். வட்டமாக அமர்ந்த குழந்தைகளின் நடுவே ஒரு பெண் கதை சொல்லும் காட்சி, பழைய செவிலியின் தொழில் அழிந்துவிடவில்லை என்று நமக்கு நினைவூட்டுகிறது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் விடுமுறையில் உங்கள் ஊரின் முதியோரிடம் செல்லுங்கள். சிறு வயதில் கேட்டுச் சிரித்த கதை ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். ஊர், நாள், சொன்னவர்க்கு அக்கதையைச் சொன்னவர் யார் என்பன எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் சொன்ன வட்டாரச் சொல்லை ஏட்டுச் சொல்லாகத் திருத்திவிடாதீர்கள். எங்கே நிறுத்தினார், எங்கே குரலை மாற்றினார் என்பதையும் எழுதுங்கள். இது வரலாற்று மாணவனின் பணி. பின்பு அக்கதையை உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள ஒரு சிறு குழந்தைக்குச் சொல்லுங்கள். சொல்லும்முன் ஒருமுறை நினைத்துப் பாருங்கள்: இக்கதையில் வீக்கம் யார் முகத்தில் இருக்கிறது? தவறான முகத்தில் இருந்தால், அதை எடுத்து உரிய இடத்தில் வையுங்கள். அந்த உரிமை உங்களுக்கு உண்டு. ஈராயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த இலக்கண நூலே அதற்குச் சான்று.